கருப்பு வெள்ளை மான்ஸ்டர் படங்கள்: எதில் தொடங்குவது, எதை மேலே வைப்பது?

அரசலாறு (கும்பகோணம்)

பட்டியலுக்கு முன்னாடி வரப்பு போட்டுக்கலாம். நம்மூரில் எல்லாத்தையும் "பேய்ப் படம்" என்று ஒரே சாக்கில் கட்டிவிடுவோம். கிங் காங் பேயா? ஃப்ராங்கன்ஸ்டைன் பூதம் பிணங்களைத் தைத்துச் செய்தது, ஆவி கிடையாது. அதனால் விதி ஒன்று: கையால் தொடக்கூடிய உருவம் ஒன்று படத்தில் இருக்கணும். விதி இரண்டு: கருப்பு வெள்ளையில் எடுத்திருக்கணும். 1957-ல் இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனம் ஃப்ராங்கன்ஸ்டைனைக் கலரில் எடுத்ததும் ரத்தச் சிவப்பு முன்னுக்கு வந்து நிழல் பின்னுக்குப் போச்சு. அது வேறு சாகுபடி.

என் வரிசை:

1. பிரைட் ஆஃப் ஃப்ராங்கன்ஸ்டைன் (1935)
2. கிங் காங் (1933)
3. காட்ஸில்லா, ஜப்பான் மூலம் (1954)
4. ஃப்ராங்கன்ஸ்டைன் (1931)
5. தி இன்விசிபிள் மேன் (1933)
6. நோஸ்ஃபெராட்டு (1922)
7. டாக்டர் ஜெக்கில் அண்ட் மிஸ்டர் ஹைட், மமூலியன் இயக்கியது (1931)
8. கேட் பீப்பிள் (1942)
9. க்ரீச்சர் ஃப்ரம் த பிளாக் லகூன் (1954)
10. ஐலண்ட் ஆஃப் லாஸ்ட் சோல்ஸ் (1932)
11. தி வுல்ஃப் மேன் (1941)
12. டிராகுலா (1931)

வெட்டலாம், ஒட்டலாம். ஆனா "இது பழசு, மெதுவா போகுது" மட்டும் காரணமாக வேண்டாம்.

மாயவரம் மணிக்கூண்டு

டிராகுலா 12-ஆ! டிராகுலாவா நடிச்ச லுகோசி படிக்கட்டில் இறங்கி வந்து பேர் சொல்ற அந்த ஒரு காட்சிக்கே அஞ்சுக்குள்ள வரணும்யா.

அரசலாறு

அந்தக் காட்சிக்கு மறுப்பே இல்லை. முதல் இருபது நிமிஷம், டிரான்சில்வேனியாக் கோட்டை, அதுக்கு நூத்துக்கு நூறு. அப்புறம் லண்டன் வந்ததும் மேடை நாடகம் ஆயிடுது: ஹாலில் நின்னு பேசறாங்க, ஓநாய் புல்வெளியில் ஓடுதுன்னு ஜன்னல் வழியா பார்த்துச் சொல்றாங்க. நாம பார்க்கறதில்லை.

நீடாமங்கலம் 16 எம்எம்

மணிக்கூண்டார் ஒரு வேலை செய்யணும். அதே 1931-ல், அதே யுனிவர்சல் ஸ்டுடியோ செட்டுகளில், பகலில் ஆங்கிலக் குழு எடுத்து முடித்துப் போன பிறகு ராத்திரியில் ஒரு ஸ்பானிஷ் டிராகுலா எடுத்தாங்க. இயக்கம் ஜார்ஜ் மெல்ஃபோர்டு. ஆங்கிலப் படம் 75 நிமிடம், ஸ்பானிஷ் 104. ஸ்பானிஷில் கேமரா நகருது, கதையில் விட்டுப்போன இழைகள் முடியப்படுது. ஆனா டிராகுலா வேஷத்தில் லுகோசி இல்லை, அந்தக் குறை 104 நிமிஷமும் தெரியும். இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பார்த்தால் ஒரு படத்தில் நடிகர் கொடுப்பது எவ்வளவு, கேமரா கொடுப்பது எவ்வளவு என்று தனித்தனியா அளந்து எடுக்கலாம். இந்த வசதி வேறு எந்தப் படத்துக்கும் இவ்வளவு சுத்தமா அமையலை.

இன்னொண்ணு. 1931 டிராகுலாவில் பின்னணி இசை கிடையாது. தலைப்பு ஓடும்போது ஸ்வான் லேக், அப்புறம் கச்சேரி அரங்கக் காட்சி, அவ்வளவுதான். ஸ்பீக்கர் போச்சுன்னு நினைச்சு வயரைப் பிடுங்கிப் பார்க்காதீங்க. ஃபிலிப் கிளாஸ் பின்னாளில் எழுதிய இசையோடு ஒரு பதிப்பு இருக்கு. முதல் தடவை அதில் பார்க்க வேண்டாம். அந்த மௌனம்தான் படத்தின் பாதி.

ஓடம்போக்கி (திருவாரூர்)

அண்ணே, நான் இந்த வகைக்குப் புதுசு. நோஸ்ஃபெராட்டு போட்டா எல்லாரும் சார்லி சாப்ளின் மாதிரி குடுகுடுன்னு ஓடறாங்க. வாம்பயர் பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிட்டுத் தெருவில் போறான். வெயில் பட்டா செத்துடுவான்னு அதே படம் சொல்லுது. இது 6-வது இடமா?

நீடாமங்கலம் 16 எம்எம்

தம்பி, நீங்க பார்த்தது மட்டமான பிரதி. இரண்டு கோளாறும் அதனால்தான்.

வேகம்: மௌனப் படங்கள் நொடிக்குச் சுமார் 16 முதல் 20 பிரேம் வேகத்துக்கு எடுத்தவை. பேசும் படம் வந்த பிறகு 24 நிலையானது. 18-க்கு எடுத்ததை 24-ல் ஓட்டினால் மூணில் ஒரு பங்கு வேகம் கூடிடும். கையில் வேறு பிரதி இல்லைன்னா வி.எல்.சி ப்ளேயரில் ஓட்ட வேகத்தை 0.75 வைங்க. உடன் வரும் இசை இழுவும், அதை அணைச்சிடலாம்.

நிறம்: அந்தக் காலத்தில் ராத்திரியில் வெளியே படம் பிடிக்க ஃபிலிமுக்கும் விளக்குக்கும் சக்தி போதாது. பகலில் எடுத்து, அந்தத் துண்டை நீலச் சாயத்தில் முக்கி "இது ராத்திரி" என்று காட்டுவாங்க. உள்ளே விளக்கொளி என்றால் மஞ்சள், விடியல் என்றால் இளஞ்சிவப்பு. பிற்காலத்தில் சாயம் இல்லாமல் நகல் எடுத்த பிரதிகளில் ராத்திரியெல்லாம் பகலாயிடுச்சு. சவப்பெட்டியோடு அவன் நடப்பது நீல ராத்திரியில். இயக்குநர் முர்னாவ் பேரில் இருக்கும் அறக்கட்டளை மீட்டெடுத்த, சாயமேற்றிய, சுமார் 94 நிமிடம் ஓடும் பதிப்பைத் தேடுங்க. கால அளவு 65 நிமிடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் தொடவே வேண்டாம்.

டிராகுலா நாவலை எழுதிய ஸ்டோக்கரின் மனைவி, கதையைத் திருடிட்டாங்கன்னு வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்த படம் இது. பல நாட்டில் சிதறிக் கிடந்த நகல்களை வெச்சு ஒட்டினதுதான் இன்னிக்கு நாம பார்ப்பது. அதனால் தரம் காட்சிக்குக் காட்சி மாறும், அது உங்க டிவி கோளாறு இல்லை.

மேலவீதி (தஞ்சை) — நெறியாளர்

இதைக் கொஞ்சம் விரிவாக்கணும். இங்கே வர்ற பாதிச் சண்டை படத்தைப் பற்றியது இல்லை, ஆளுக்கொரு பிரதியைப் பார்த்துட்டு வந்து அடிச்சுக்கறோம். இடம் கொடுப்பதற்கு முன்னால் எந்தப் பதிப்பு, எத்தனை நிமிடம் என்று எழுதுங்க. தெரிந்தவர்கள் படம்வாரியாகச் சொல்லலாம்.

நீடாமங்கலம் 16 எம்எம்

சரி, எங்கே தவறு நடக்குமோ அந்தப் படங்களை மட்டும்.

ஃப்ராங்கன்ஸ்டைன்: ஏரிக்கரையில் சின்னப் பெண்ணோடு பூதம் பூ விடும் காட்சி. தணிக்கையில் வெட்டின பழைய பிரதியில் பூதம் கையை நீட்டியதோடு நின்னுடும், அடுத்து அப்பா பிணத்தைத் தூக்கிட்டு வருவார். பார்ப்பவன் என்னென்னவோ கற்பனை பண்ணிக்குவான். மூலத்தில் பூ தீர்ந்துபோச்சு, குழந்தையும் பூ மாதிரி மிதக்கும்னு நினைச்சுத் தண்ணியில் போடுது, மிதக்கலைன்னதும் பதறுது. வெட்டினதால் பூதம் கொடூரனாச்சு, வெட்டாததில் அது பாவம். 1980-களில் அந்தத் துண்டு திரும்பச் சேர்ந்தது. அது இல்லாத பிரதியைப் பார்த்துட்டு 4-வது இடம் அதிகம்னு சொல்றதில் அர்த்தமில்லை.

கிங் காங்: 1938 மறுவெளியீட்டில் வெட்டுப்பட்டது. காங் நாயகி ஃபே ரேயின் உடையைக் கிழித்து விரலை முகர்வது, கிராமத்து ஆட்களை மிதிப்பது எல்லாம் போச்சு, பல வருஷம் கழிச்சுத்தான் கிடைத்தது. ஆரம்ப இசை தவிர்த்து சுமார் 100 நிமிடம் இருக்கணும்.

காட்ஸில்லா: 96 நிமிடம் ஜப்பான் மூலம். ரேமண்ட் பர் என்ற அமெரிக்க நடிகரைத் தனியா எடுத்துச் சொருகி 1956-ல் விட்டது 80 நிமிடம். பர் முகம் வந்தால் நிறுத்திடுங்க.

க்ரீச்சர்: 3டி-யில் வந்தது, ஆனா போலராய்டு கண்ணாடி முறையில். சிவப்பு-நீலக் கண்ணாடிக்கு மாற்றிய பிரதியை எடுக்காதீங்க, கருப்பு வெள்ளையின் சாம்பல் படிநிலையே செத்துடும். 3டி வசதி இல்லைன்னா சாதாரணப் பதிப்பே போதும்.

நைட் ஆஃப் த லிவிங் டெட் (1968) பட்டியலில் இல்லை, ஆனா கேட்பாங்க. படத்தின் பேரைக் கடைசியில் மாற்றியபோது பழைய தலைப்பு அட்டையில் இருந்த காப்புரிமை வரியைப் புது அட்டையில் போட விட்டுட்டாங்க. அமெரிக்காவில் அன்னிக்கே பொதுச் சொத்தாச்சு. அதனால்தான் தெருவுக்குத் தெரு பிரதி, பெரும்பாலும் களிமண் நிறத்தில். மூல நெகட்டிவிலிருந்து எடுத்த 4கே பதிப்பு ஒண்ணு இருக்கு, அதை மட்டும் பாருங்க.

பொதுவா ஒரு சோதனை: பால் (PAL) முறை டிவிடி நொடிக்கு 25 பிரேம் ஓட்டும். 75 நிமிடப் படம் 72-ல் முடியும், குரல் கொஞ்சம் கீச்சென்று இருக்கும். வெட்டில்லை, பயப்பட வேண்டாம். ஆனா 24-க்குச் செய்த சப்டைட்டிலை இதோடு சேர்த்தால் முதல் காட்சியில் சரியா இருந்து, கடைசியில் மூணு நிமிஷம் பிந்திடும். வி.எல்.சி-யில் ஜி, ஹெச் விசையைத் தட்டிச் சரி பண்ண முடியாது, அது முழுசையும் ஒரே அளவுதான் நகர்த்தும். சப்டைட்டில் கோப்பின் பிரேம் விகிதத்தை 23.976-லிருந்து 25-க்கு மாற்றும் செயலியில் போட்டு எடுக்கணும்.

நாகைத்துறை

காட்ஸில்லாவுக்கு மூணு குறைச்சல், முதலிடம் கொடுக்கணும். மற்றதில் உருவம் ஒரு ஆளைப் பிடிக்கும், ஒரு ஊரைப் பயமுறுத்தும். இதில் 1954 மார்ச்சில் பிகினி தீவில் நடந்த அணுகுண்டுச் சோதனையின் சாம்பல் விழுந்த ஜப்பான் மீன்பிடிப் படகு கண்ணெதிரே இருக்கு. படம் அதே வருஷம் நவம்பரில் வெளியாச்சு. முதல் காட்சியே கடலில் படகு எரிவது. கரையில் உட்கார்ந்து படகுக்குக் காத்திருக்கும் பெண்களை அந்தப் படம் காட்டும் விதத்தை நாகப்பட்டினத்துக்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை.

தொழில் விஷயமும் உண்டு. ஓ'பிரையன் காங்கைச் செய்ததுபோல் பொம்மையை ஒவ்வொரு பிரேமுக்கும் நகர்த்த, காட்ஸில்லாவின் தந்திரக்காட்சிகளைச் செய்த ட்ஸுபுராயாவுக்கு நேரம் இல்லை. சுமார் 100 கிலோ எடையுள்ள உடுப்புக்குள் ஹருவோ நகாஜிமா. ஆள் போட்ட உடுப்பு வேகமா அசைந்தால் ஆள் என்று தெரிஞ்சிடும், அதனால் அதிக பிரேமில் எடுத்து மெதுவா ஓட்டினாங்க. எடை அப்படித்தான் வந்தது. உறுமல் எந்த மிருகத்துடையதும் இல்லை: டபுள் பாஸ் வாத்தியத்தின் தந்தியைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்தது. இசையமைப்பாளர் இஃபுகுபே யோசனை.

மாயவரம் மணிக்கூண்டு

உடுப்புக்குள்ள ஆள்னு தெரிஞ்சே பார்க்கணும்னா அது கூத்து. காங் 18 அங்குல பொம்மை, ஆனா கண்ணில் உசிர் இருக்கு.

நாகைத்துறை

கூத்து என்றால் இளப்பமா? மெலட்டூர் பாகவத மேளாவில் பிரகலாத சரித்திரம் போடும்போது நரசிம்மர் முகமூடிக்குள் ஆள் இருப்பது அத்தனை பேருக்கும் தெரியும். விரதம் இருந்து போடுகிறார் என்றும் தெரியும். தூணைப் பிளந்து வரும்போது அதைச் சொல்லிப் பாருங்க பக்கத்தில் இருப்பவரிடம்.

அரசலாறு

நல்ல இடத்தில் தொட்டீங்க. ராத்திரி முழுக்க ஆடி, நரசிம்மரை விடியும் நேரத்துக்கு வைக்கிறாங்க. உருவத்தை எப்போ காட்டுவது என்பதுதான் இந்தப் படங்களின் பெரிய வித்தை. காங் ஏறக்குறைய பாதிப் படத்துக்கு வரவே மாட்டான். அதுவரை கப்பல், பனிமூட்டம், முரசு, அந்தப் பெரிய மதில். ஃப்ராங்கன்ஸ்டைனில் இயக்குநர் ஜேம்ஸ் வேல் செய்தது இன்னும் துணிச்சல்: பூதம் கதவு வழியா முதுகைக் காட்டிப் பின்னோக்கி நடந்து வருது, மெல்லத் திரும்புது, அப்புறம் முகத்தை நோக்கி அடுத்தடுத்து வெட்டு. இசையே இல்லை.

காங்கில் ஒரு சிறு குறை அழகா மாறியதைக் கவனிங்க. மயிர் சிலிர்த்துக்கிட்டே இருக்கும். பொம்மையின் முயல் தோலை ஒவ்வொரு பிரேமுக்கும் கைவிரல் தொட்டதால் வந்த அசைவு. மறைக்க முடியலை. கோபத்தில் சிலிர்க்குது என்று பார்ப்பவர்கள் எடுத்துக்கிட்டாங்க.

ஓடம்போக்கி

எங்க டிவியில் காங் நடை வழவழன்னு சீரியல் மாதிரி இருக்கே, அந்தச் சிலிர்ப்பு எதுவும் தெரியலை?

மேலவீதி — நெறியாளர்

டிவி நடுவில் இல்லாத பிரேம்களைத் தானே செய்து நுழைக்குது. மோஷன், ஸ்மூத், ஃப்ளோ என்று கம்பெனிக்கு ஒரு பேர் வைத்திருப்பாங்க. அதை முழுசா அணைக்கணும். கூடவே:

படத்தின் வகை "சினிமா" அல்லது "ஃபிலிம்மேக்கர்". ஷார்ப்னஸ் பூஜ்யம் அல்லது அதற்குப் பக்கத்தில். ஏற்றினால் ஃபிலிம் துகள் மணலாகும், உருவத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு வரும். நாய்ஸ் ரிடக்ஷன் அணை; முகம் மெழுகாகும். கலரைப் பூஜ்யமாக்கினால் சாம்பலில் ஒட்டியிருக்கும் பச்சை, ஊதா சாயல் போகும், ஆனா நோஸ்ஃபெராட்டுக்கு மட்டும் திரும்ப ஏற்ற மறக்காதீங்க. அகலம் "ஒரிஜினல்" அல்லது 4:3. இழுத்து 16:9 ஆக்கினால் ஃப்ராங்கன்ஸ்டைன் பூதமா நடிச்ச கார்லாஃப் கன்னம் ஒட்டியிருப்பதற்குப் பதிலா உப்பியிருப்பார். ஜாக் பியர்ஸ் தினமும் சுமார் நாலு மணி நேரம் உட்கார்ந்து போட்ட ஒப்பனை வீண்.

நீடாமங்கலம் 16 எம்எம்

ஒப்பனை என்றதும் 7-வது இடத்துக்கு வக்காலத்து வாங்கணும். ஜெக்கில் முகம் ஹைடாக மாறும் முதல் நிமிடத்தில் வெட்டு கிடையாது, டிஸால்வ் (ஒரு காட்சி கரைந்து இன்னொன்றாவது) கிடையாது. ஃபிரெட்ரிக் மார்ச் முகத்தில் சிவப்பு நிறத்தில் கோடும் குழியும் முன்கூட்டியே வரைந்தாச்சு. லென்ஸுக்கு முன் சிவப்பு ஃபில்டர் இருந்தால் சிவப்பு ஒப்பனையும் தோலும் ஒரே வெளுப்பு, ஒண்ணும் தெரியாது. ஃபில்டரை மெல்லப் பச்சை, நீலப் பக்கம் நகர்த்தினால் அதே சிவப்பு கறுத்துக்கிட்டு மேலே வரும். ஒளிப்பதிவாளர் கார்ல் ஸ்ட்ரஸ். கலரில் இதைச் செய்யவே முடியாது, ஃபில்டர் மாறுவது கண்ணுக்குத் தெரிஞ்சிடும். கருப்பு வெள்ளை என்பது வசதியில்லாததால் வந்த குறை என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு நிமிடத்தைப் போட்டுக் காட்டணும். 1960-ல் மாரியோ பாவா பிளாக் சண்டேயில் இதையே எடுத்துக்கிட்டார்.

என்னைக் கேட்டால் ஜெக்கில் 4, ஃப்ராங்கன்ஸ்டைன் 5.

வுல்ஃப் மேன் பக்கம் வந்தால்: 1941 படத்தில் முதல் மாற்றத்தில் கால் மட்டும்தான் தெரியும். முகம் மாறுவது கடைசியில், அதுவும் ஓநாயிலிருந்து மனிதனுக்கு. பௌர்ணமி விதியும் முதல் படத்தில் இல்லை, பாட்டில் வருவது இலையுதிர்கால நிலா. முழுநிலா 1943 தொடர்ச்சியான ஃப்ராங்கன்ஸ்டைன் மீட்ஸ் த வுல்ஃப் மேனில்தான் நுழைந்தது.

மாயவரம் மணிக்கூண்டு

அந்த 1943 படத்தில் பூதமா வர்ற லுகோசி கையை நீட்டிக்கிட்டுத் தடவித் தடவி நடக்கறது ஏன்? சிரிப்புத்தான் வருது.

நீடாமங்கலம் 16 எம்எம்

முந்தைய படமான கோஸ்ட் ஆஃப் ஃப்ராங்கன்ஸ்டைன் (1942) முடிவில் பூதத்துக்கு அதன் கூட்டாளி இகோரின் மூளையை வைப்பாங்க, கண் பார்வை போயிடும். 1943-ல் குருடு என்று வசனத்தில் சொல்லியிருந்தாங்க. பூதம் பேசிய அத்தனை வசனத்தையும் வெட்டினதில் அந்தக் காரணமும் போச்சு, நடை மட்டும் மிச்சம். பிறகு ஊரே அந்த நடையைத்தான் ஃப்ராங்கன்ஸ்டைன் நடை என்று நடித்துக் காட்டுது. வரிசை மாற்றாமல் 31, 35, 39, 42, 43 என்று பார்த்தால் சிரிப்பு வராது.

ஓடம்போக்கி

கேட் பீப்பிள் முதல் விதியில் தேறுமா? உருவமே காட்டலையே.

அரசலாறு

அலுவலகக் காட்சியில் சிறுத்தை வருது, ஸ்டுடியோ வற்புறுத்தி வைத்தது. அதனால் நூலிழையில் தேறும். நீச்சல் குளத்தில் கூரையிலும் சுவரிலும் தண்ணீர் அலையின் வெளிச்சம், நடுவில் ஒரு நிழல், ஒரு உறுமல், அவ்வளவு. நடுராத்திரித் தெருவில் பின்தொடரும் காலடி நின்றதும் சடாரென்று பஸ் வந்து பிரேக் போடுதே, அந்த உத்திக்கே படத்தொகுப்பாளர்கள் மத்தியில் "பஸ்" என்று பேர் நின்னுபோச்சு.

நாகைத்துறை

நம்ம பக்கத்துப் படம் எதுவுமே இல்லையா பட்டியலில்?

மேலவீதி — நெறியாளர்

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்து 1952-ல் எடுத்த "காடு" உண்டு, ஆங்கிலத்தில் தி ஜங்கிள். யானைகளுக்குச் சடை மயிர் போர்த்தி மாமூத் ஆக்கியிருப்பாங்க. பார்க்க வேண்டிய வினோதம். 12-க்குள் வராது. கறாராகச் சொன்னால் அது செபியா (பழுப்புச் சாயல்), விதி இரண்டில் அடிபடும்.

ஓடம்போக்கி

கடைசியா இரண்டு சந்தேகம். பத்துக்கு மார்க் போட்டா எல்லாம் எட்டுலயே நிக்குது, எப்படி வரிசைப்படுத்தறது? மொட்டை மாடியில் ப்ரொஜெக்டர் வெச்சுக் காட்டலாமா?

அரசலாறு

மார்க் போடாதீங்க. இரண்டிரண்டா மோத விடுங்க. "இன்னிக்கு ராத்திரி ஒண்ணுதான் பார்க்கலாம், எது?" என்ற ஒரே கேள்வி. 12 படத்துக்கு 66 ஜோடி வரும், அத்தனையும் தேவையில்லை. புதுப் படம் வந்தால் பட்டியலின் நடுவில் இருக்கும் படத்தோடு முதலில் மோத விடுங்க, ஜெயிச்சால் மேல் பாதியின் நடு, தோற்றால் கீழ்ப் பாதியின் நடு. நாலு கேள்வியில் இடம் கிடைச்சிடும். பார்த்த அன்றைக்கே செய்யாதீங்க, இரண்டு வாரம் போகட்டும்.

மேலவீதி — நெறியாளர்

மாடிக்கு: த்ரோ விகிதம் (தூரத்தைப் பட அகலத்தால் வகுத்தது) 1.5 உள்ள ப்ரொஜெக்டரை 12 அடி தள்ளி வைத்தால் 8 அடி அகலம், 4.5 அடி உயரம். ஆனா இந்தப் படங்கள் பெரும்பாலும் 1.37 விகிதம் (உயரத்தைப்போல 1.37 மடங்கு அகலம்), 8 அடியில் ஆறடிக்குச் சற்று மேல்தான் படம் விழும். இரண்டு பக்கமும் மிச்சத்தில் சாம்பல் வெளிச்சம் கசியும், கறுப்புத் துணியை அந்த அளவுக்கு மறைத்துக் கட்டுங்க, நிழல் அடர்த்தி கண்ணுக்குக் கூடும். வேட்டியைத் திரையாகக் கட்டினால் பின்னாலும் கறுப்புத் துணி வேணும், இல்லைன்னா பாதி வெளிச்சம் ஊடுருவி அந்தப் பக்கம் போயிடும்.

ஏசி அறையிலிருந்து நேரா மாடிக்குக் கொண்டு போனால் நம்ம ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸில் ஆவி படியும். அரை மணி முன்னாடியே வெளியே வைங்க, துடைக்காதீங்க. ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். தை, மாசி சரி, பனிக்கு மேலே ஒரு குடை. பௌர்ணமியை ஒட்டி மூணு நாள் தவிர்த்திடுங்க, வுல்ஃப் மேனா இருந்தாலும் அமாவாசையில்தான் போடணும்.

மழை பெய்து விட்ட ராத்திரி என்றால் ஈசல் திரையை மொய்க்கும். இருபதடி தள்ளி ஒரு குண்டு பல்பைப் போட்டு அடியில் தண்ணீர் ஊற்றிய தாம்பாளம் வைங்க, எல்லாம் அங்கே போயிடும்.

மாயவரம் மணிக்கூண்டு

ஈசல் வந்தா வரட்டும், அன்னிக்கு ராட்சத எறும்புப் படம் தெம் (1954) போட்டுடுங்க தம்பி. டிராகுலா ஏழு. அதுக்குக் கீழே இறங்க மாட்டேன்.

அரசலாறு

ஸ்பானிஷ் பதிப்பைப் பார்த்துட்டு வாங்க. அதுவரை பத்து.